1951 எம்ஜி டிடின்னு சொல்லி 28 லட்சம் கேக்கறாங்க, ஒரிஜினலான்னு எப்படிங்க பாக்கறது?

பவர்டேபிள், திருப்பூர்

வணக்கமுங்க எல்லாருக்கும். ஒரு வருசமா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், மொத தடவ எழுதறேன்.

கோபிக்கு பக்கத்துல ஒரு தோட்டத்துச் சாளைல பழைய எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு நிக்குதுங்க. என்ற மச்சினன் ஒரு சீருக்கு போன எடத்துல பாத்துட்டு வந்து சொன்னான், போன ஞாயித்துக்கெழம வெடியால கெளம்பி நானும் போயி பாத்துட்டு வந்தேன். செவப்பு கலரு, ரெண்டே சீட்டு, மேல கூரை கெடையாது, மூஞ்சி நீளமா இருக்குது, ஹெட்லைட் ரெண்டும் தவளைக் கண்ணாட்டம் தனியா துருத்திட்டு நிக்குது. டிரைவர் சீட்டுல கோழி அடை படுத்திருந்துச்சு, நெசமாத்தானுங்க, அத எறக்கி உட்டுட்டுத்தான் ஏறி உக்காந்தேன். ஸ்டேரிங்க புடிச்சதும் கையெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு.

அவிங்க சொல்றது என்னன்னா இது 1951 எம்ஜி டிடி, வால்பாறைல ஒரு எஸ்டேட்டு வெள்ளக்கார மேனேஜர் ஓட்டுனது, அவரு ஊரப்பாத்து போறப்ப இவிங்க அப்பாரு, அதாவது தாத்தா, 1962ல வாங்குனாராம். எஞ்சின், சேசிஸ், பாடி அத்தனையும் ஒரிஜினல், பெயிண்ட் மட்டும் ஒருக்கா அடிச்சதாம். இந்த மாடல் தமிழ்நாட்டுலயே இது ஒண்ணுதான்னு வேற சொல்றாங்க. 28 லட்சம். சென்னைல இருந்து ஒரு பார்ட்டி வந்து 25க்கு கேட்டும் குடுக்கலையாம். நம்ம பக்கம் எந்த பழைய வண்டி பாக்கப் போனாலும் எனக்கு முந்தி இந்த சென்னை பார்ட்டி வந்து கேட்டுட்டு போயிருக்கறாரு, யாருன்னே தெரியல.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு, களத்துல ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுனாங்க. எனக்கு தெரிஞ்சதெல்லாம் ஓவர்லாக் மெசினும் ஃபிளாட்லாக் மெசினும்தானுங்க. இது நெசமாலுமே எம்ஜியா, இல்ல எவனோ பட்டறைல கட்டுனதா, நெசம்னா 28 பெறுமா? ஃபோட்டோ ஆறு போட்டுருக்கறேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஊட்ல இன்னும் சொல்லல.

சும்மா_பாக்க_வந்தவன்

ஊட்ல சொல்லலையா. அப்ப வண்டிய விடுங்க, மொதல்ல சாளைலயே ஒரு கட்டில் கேட்டு வச்சுக்கங்க. கோழி 28ல சேத்தியா தனியாங்க?

லேத்துக்காரன்_பீளமேடு

தம்பி ஃபோட்டோ பாத்தேன். 40 வருசமா பம்ப்செட்டுக்கும் பழைய வண்டிக்கும் லேத்து வேலை பாத்த கை இது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்க.

மொத விசயம் வீலு. நீ போட்ட ஃபோட்டோல ஸ்போக் வீல் மாட்டிருக்குது. டிடிக்கு ஃபேக்டரில இருந்து வந்தது தகட்டு வீலு, 15 இஞ்சு. 19 இஞ்சு ஸ்போக் வீல் வந்தது அதுக்கு முந்துன மாடல் டிசில. யாரோ அழகுக்கு மாத்திருக்கறாங்க, அது பெரிய குத்தமில்ல, ஆனா அத்தனையும் ஒரிஜினல்னு அவிங்க சொன்ன பேச்சு அந்த வீல்லயே முடிஞ்சு போச்சு. அதுக்கப்பறம் அவிங்க சொல்ற ஒவ்வொண்ணையும் நீ தொட்டுப் பாத்துத்தான் நம்போணும்.

அடுத்த தடவ போறப்ப ஒரு கோணிச்சாக்கு, டார்ச்சு, பென்சிலு, வெள்ளப் பேப்பரு, ஒரு காந்தம், கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துக்க. பனியன் வேஸ்ட்டு உனக்கா பஞ்சம், அதும் ரெண்டு கை அள்ளிக்க.

காந்தத்த பாடி சுத்தி அங்கங்க வச்சுப்பாரு. டிடி பாடி மரச்சட்டத்து மேல அடிச்ச இரும்புத் தகடு, காந்தம் கப்புனு புடிக்கோணும். புடிக்காம நழுவுனா ஒண்ணு ஃபைபர், இல்ல பட்டி கனமா பூசிருக்குது. அப்பறம் சாக்க விரிச்சு வண்டிக்கு அடில படு. இதுதான் முக்கியம். பின்னால ஆக்சிலுக்கு ஸ்பிரிங் பட்டை எப்படி போகுதுன்னு பாரு. எடப்பக்கம் ஒரு செட்டு, வலப்பக்கம் ஒரு செட்டு, லாரிக்கு இருக்கறாப்புல வண்டி நீளத்துக்கு போச்சுன்னா மேல பேசலாம். ஒரே ஒரு பட்டை குறுக்கால இந்த வீலுக்கும் அந்த வீலுக்கும் போச்சுன்னா எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டு கும்புடு போட்டுட்டு வந்துரு, ஏன்னா அது ஸ்டேண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டு மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி, சேசிஸ் தனியா வரும், பாடிய கழட்டி கடாசிட்டு அது மேல என்ன வேணாலும் கட்டலாம். அந்தக் காலத்துல எம்ஜி மாதிரி கட்டி கல்யாண ஊர்கோலத்துக்கு வாடகைக்கு உட்டாங்க. ஒரு வண்டிக்கு முன்னால கிரில்லு நானே செஞ்சு குடுத்துருக்கறேன், எட்டு மூலை எம்ஜி வில்லையும் வார்த்து குடுத்தேன், அந்தப் பாவம் என்னோடது. ஸ்டேரிங் ரேக் அண்ட் பினியன் இருக்குது அதனால டிடிதான்னு எவனாச்சும் சொன்னா நம்பாத, ஹெரால்டுக்கும் அதேதான்.

கதவு பின்பக்கம் கீல் போட்டு முன்னால தெறக்கற மாதிரி இருக்கோணும். தெறந்து ஓரத்துல ரெண்டு கையும் குடுத்து மேல தூக்கிப்பாரு, ஆடுச்சுன்னா உள்ள கீல் மரம் போச்சுன்னு அர்த்தம். அங்க ஆஷ் மரத்துல செஞ்சது, நம்மூர்க் கரையானுக்கு அது முறுக்கு மாதிரி.

இப்ப நம்பரு. முன்னால எடப்பக்க சேசிஸ் கொம்புல, அதாவது அடிச்சட்டம் முன்னால நீட்டிட்டு இருக்கற முனைல, நம்பர் பஞ்ச் அடிச்சிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டு வேஸ்ட்டால தொட, உப்புத்தாள் போட்டு தேச்சராத. பேப்பர மேல வச்சு பென்சில படுக்க வச்சு லேசா தேய், ஆர்டிஓ ஆபீஸ் வாசல்ல பையனுக செய்வாங்களே அப்படியேதான். கையால அடிச்ச பஞ்சு, அதனால எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருந்தா பயப்படாத. எழுத்துக்கு அடில சன்னமா வரிவரியா கிரைண்டர் கோடு பேப்பர்ல விழுகுதான்னு பாரு. சுத்தி இருக்கற எடத்த விட நம்பர் இருக்கற எடம் பள்ளமா இருக்குதான்னு வெரல வச்சுப் பாரு. அப்படி இருந்தா பழசத் தேச்சுட்டு புதுசு அடிச்சுருக்கறான். இன்னொண்ணு, டிடி நம்பர் 251ல ஆரம்பிச்சு 29,900 சொச்சத்துல முடியும். ஏன் 251ன்னா இங்கிலாந்துல எம்ஜி வண்டி செஞ்ச அபிங்டன் ஃபேக்டரியோட ஃபோன் நம்பர் அது, மாடலுக்கு மாடல் அங்கிருந்துதான் எண்ணுவாங்க. இந்த எல்லைக்கு வெளிய நம்பர் இருந்தா சிரிச்சுட்டு வந்துரு.

எஞ்சினுக்கு வருவோம். டிடி எஞ்சின் பேரு எக்ஸ்பிஏஜி, 1250 சிசி, எஸ்யு கார்பரேட்டர் ரெண்டு. பிளாக்குல எட்டு மூலைப் பித்தளைத் தகடு ஒண்ணுல எஞ்சின் நம்பர் இருக்கும். தகடு மட்டும் இருந்தா பத்தாது, தகடு நானே செஞ்சு தருவேன். ஸ்பானர் வச்சுப் பாரு. அந்த எஞ்சின் போல்ட்டுல மரை மில்லிமீட்டரு, தலை மட்டும் இங்கிலீஷ் விட்வர்த் அளவு. உன்ற டூல்கிட்டுல இருக்கற 10, 12, 13 ஸ்பானர் ஒண்ணும் ஒழுங்கா உக்காராது. அந்த எஞ்சின் செஞ்ச கவென்ட்ரி ஃபேக்டரி மொதல்ல ஹாட்ச்கிஸ்னு பிரெஞ்சு கம்பெனியோடது, மெசின் எல்லாம் மில்லிமீட்டர் மெசின், அத மாரிஸ்ங்கற இங்கிலீஷ் கார் கம்பெனி வாங்குன பொறகு மரைய அப்படியே வச்சுட்டு தலைய மட்டும் இங்கிலீஷ் ஸ்பானருக்கு ஏத்தாப்புல மாத்திட்டாங்க. டூப்ளிகேட் அடிக்கறவன் எவனும் இவ்வளவு தூரம் மெனக்கெட மாட்டான்.

நாலாவது ஃபோட்டோல ஒத்தக் கார்பரேட்டர்தான் தெரியற மாதிரி இருக்குது. எனக்கு சந்தேகமா இருக்குது, ஆனா ஃபோட்டோவ வச்சு சொல்லப்படாது. போயி பாத்துட்டு எழுது.

பவர்டேபிள்

அண்ணா நெம்ப நன்றிங்கண்ணா, பிரிண்ட் எடுத்து வச்சுட்டேன். ஒரு டவுட்டு. ஒத்தக் கார்பரேட்டர பத்தி அவிங்களையே ஃபோன்ல கேட்டேன், எஞ்சினும் எம்ஜி எஞ்சின்தான், அம்பாசடர்ல வர்றதும் எம்ஜி எஞ்சினும் ஒண்ணுதான், எந்த மெக்கானிக்க வேணாலும் கேளுங்கன்னு சொல்றாங்க. அப்படியாங்க?

பொள்ளாச்சி_டு_பெங்களூர்

பாதி உண்மை ப்ரோ, அதான் டேஞ்சரே. அம்பாசடர்ல வந்த 1489 சிசி எஞ்சின் பிஎம்சிங்கற இங்கிலீஷ் கம்பெனியோட பி சீரிஸ், அதே 1489 சிசி பி சீரிஸ் எம்ஜிஏங்கற மாடல்லயும் வந்துச்சு, ஆனா எம்ஜிஏ வந்தது 1955ல, டிடி 1953லயே நின்னுருச்சு. அதனால டிடிக்குள்ள பி சீரிஸ் இருந்தா அது பின்னால நம்மூர்ல ஏத்துனது. எக்ஸ்பிஏஜிக்கு பார்ட்ஸ் கிடைக்காத காலத்துல தோட்டத்துக்கு ஓட்டணும்னு அம்பாசடர் எஞ்சின மாட்டிருப்பாங்க, நெறைய பழைய வண்டிக்கு இந்தக் கதிதான்.

வெலைய பத்தி நான் சொல்றேன். ஆபீஸ் லஞ்ச் டைம் பூரா ஏலத்துல எது எவ்வளவுக்கு போச்சுன்னு பாக்கறதுதான் எனக்கு வேலை, வாங்கற வக்கு மட்டும் இல்ல. டிடி அபூர்வமான வண்டி கெடையாது. 29,664 வண்டி செஞ்சாங்க, அதுல முக்கால்வாசிக்கு மேல அமெரிக்கா போச்சு. டிசி சுமார் 10,000, டிடிக்கு அடுத்து வந்த டிஎஃப் 9,600. அதாவது டி சீரிஸ் பூராவுலயும் நெறைய செஞ்சது உங்க டிடிதான். அமெரிக்கால நல்லா ஓடற டிடி 15,000ல இருந்து 25,000 டாலருக்கு கிடைக்குது, நம்ம காசுக்கு ரவுண்டா 13ல இருந்து 22 லட்சம். 'அப்படின்னா அங்க வாங்கி கப்பல்ல போடலாமே'ன்னு தோணும், எனக்கும் தோணுச்சு, கணக்கு போட்டுப் பாத்தா வரியே வண்டி வெலைய தாண்டிருது. அதனால இங்க ஏற்கனவே ஆர்சியோட இருக்கற வண்டிக்கு ஒரு பிரீமியம் உண்டு, அத நான் மறுக்கல. ஆனா அந்த பிரீமியம் முழுசா இருக்கற வண்டிக்கு. சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஃபேக்டரில சேந்து கெளம்புன ஜோடியா இருந்தா ஒரு வெலை, எஞ்சின் மாத்துனது வேற வெலை, ரெண்டுக்கும் நடுவுல லட்சக்கணக்குல பள்ளம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, டிடிக்கு இன்னிக்கும் கிட்டத்தட்ட எல்லா பார்ட்ஸும் புதுசா விக்கறாங்க, பாடி மரச்சட்டம் கூட செட்டா வருது. காசிருந்தா சேசிஸ் தவிர பாக்கி அத்தனையும் பார்சல்ல வாங்கி வண்டி கட்டிரலாம். அப்ப எதை வச்சு இது 1951ல பொறந்ததுன்னு சொல்லுவீங்க? அந்த சேசிஸ் கொம்பு, அந்த பித்தளைத் தகடு, அப்பறம் காகிதம். பெரிய வண்டிலயும் இதே அக்கப்போருதான். போர்ஷ 911 கரேரா ஆர்எஸ் 2.7ன்னு ஒண்ணு, 1972-73ல 1,580தான் செஞ்சாங்க, சாதா 911க்கு பின்னால அந்த வாத்துவால் ஸ்பாய்லர மாட்டிட்டு ஆர்எஸ்னு விக்கப் பாத்த கதை உலகம் பூரா இருக்குது.

இங்கிலாந்துல கேடன்ங்கற ஊர்ல பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்குது, ஃபேக்டரி லெட்ஜர் அவங்க கிட்ட இருக்குது. சேசிஸ் நம்பர் குடுத்து பணம் கட்டுனா எந்த தேதி செஞ்சது, எந்த எஞ்சின் நம்பர், என்ன கலர், எந்த நாட்டுக்கு அனுப்புனதுன்னு ஹெரிட்டேஜ் சர்டிபிகேட் அனுப்புவாங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முந்தி அத வாங்குங்க. 28 லட்சம் குடுக்கறவருக்கு அந்த செலவு ஒரு நாள் டீ காசு.

லேத்துக்காரன்_பீளமேடு

பெங்களூர் தம்பி சொல்றது ஏலக்காரன் கணக்கு. நான் சொல்றது ஓட்டறவன் கணக்கு. அம்பாசடர் எஞ்சின் இருந்தா கார்பரேட்டர் கிட்டுல இருந்து கேஸ்கெட்டு வரைக்கும் இன்னைக்கும் உக்கடத்துல தேடுனா கெடைக்கும், எந்த ஊர்ல நின்னாலும் ஒரு வயசான மெக்கானிக் வந்து ஓட வச்சுருவான். எக்ஸ்பிஏஜி எஞ்சின் படுத்துச்சுன்னா கப்பல் வர்ற வரைக்கும் நீ வண்டிய பாத்துட்டே உக்காந்துருக்கோணும். தம்பி ஓட்ட வாங்குறானா, பொட்டில வச்சு பூட்ட வாங்குறானான்னு மொதல்ல அவனக் கேளு.

பொள்ளாச்சி_டு_பெங்களூர்

அண்ணா ஓட்டத்தான் வாங்கறாருன்னா 28 எதுக்குங்கண்ணா? அம்பாசடர் எஞ்சினுக்கு அம்பாசடர் வெலை.

ஈரோட்டு வக்கீல்

இரும்பு பத்தி மேல ரெண்டு பேர் சொன்னதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது. காகிதத்த பத்தி நான் சொல்றேன், ஏன்னா இந்த மாதிரி வண்டில காசு போறது பெரும்பாலும் காகிதத்துலதான்.

ஆர்சி யார் பேர்ல இருக்குன்னு நீங்க எழுதவே இல்ல. அப்பாரு 1962ல வாங்குனதுன்னா அநேகமா அவர் பேர்லயே இருக்கும், அவர் இப்ப இருக்க வாய்ப்பில்ல. அப்படின்னா உங்களுக்கு விக்கற பேரன் இன்னும் அந்த வண்டிக்கு ஓனரே கெடையாது. வாரிசு சான்றிதழ் வாங்கி, ஃபார்ம் 31 போட்டு மொதல்ல அவங்க ஒருத்தர் பேருக்கு மாத்தணும், அப்பறம்தான் ஃபார்ம் 29, 30 போட்டு உங்க பேருக்கு. வாரிசுன்னா எல்லா வாரிசும். நம்ம பக்கம் அண்ணன் தம்பி மட்டும் உக்காந்து பேசி முடிச்சுட்டு 'பொண்ணுகளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பிட்டமே'ம்பாங்க, சட்டத்துல அப்படி ஒரு கணக்கு கெடையாது. மகள்களும் சம வாரிசு. அத்தைமாருக கையெழுத்தும் இல்லாம நீங்க காசு குடுத்தீங்கன்னா, நீங்க வண்டிய பளபளன்னு பண்ணி பேப்பர்ல ஃபோட்டோ வந்த மறுவாரம் எனக்கு ஒரு கேஸ் கிடைக்கும்.

ஆர்சி புக்க மொதல் பக்கத்துல இருந்து படிங்க. பழைய புக்குல ஒவ்வொரு ஓனர் பேரும் வரிசையா கையால எழுதிருப்பாங்க. வால்பாறை வெள்ளக்காரர் கதை நெசம்னா அவர் பேரோ எஸ்டேட் பேரோ அங்க இருக்கணும். ஆர்சில இருக்கற சேசிஸ் நம்பரும் நீங்க பென்சில்ல தேச்ச நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். இந்தக் காலத்து வாகன் சைட்டுல இந்த வண்டி வராது, பேக்லாக் என்ட்ரி போட்டு ஏத்தணும், அதுக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டர்ல வண்டி இருக்கணும். அத மொதல்ல விசாரிங்க.

அப்பறம் வின்டேஜ். 2021 ஜூலைல மத்திய மோட்டார் வாகன விதில திருத்தம் வந்துச்சு. மொதல் ரிஜிஸ்ட்ரேசன்ல இருந்து 50 வருசம் தாண்டுன வண்டிய வின்டேஜா பதியலாம். புதுசா பதிய 20,000 ரூபா, பத்து வருசத்துக்கு செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பர்ல ஸ்டேட் எழுத்துக்கு அடுத்து விஏன்னு வரும், ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு எடுத்துட்டு போகலாம், தினமும் கம்பெனிக்கு ஓட்ட முடியாது. இதுல உங்களுக்கு வேண்டிய வரி ஒண்ணு இருக்கு: வண்டி அசல் நிலைல இருக்கணும், சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் பண்ணிருக்கக் கூடாது. அம்பாசடர் எஞ்சினோட போனா அங்க நின்னுரும். பெங்களூர்க்காரர் சொல்ற பள்ளத்துக்கு இது இன்னொரு காரணம்.

இதுவே புது இம்போர்ட் ஸ்போர்ட்ஸ் காரா இருந்தா நான் இன்னும் பயமுறுத்துவேன். 2025 செப்டம்பர்ல கொச்சி கஸ்டம்ஸ் ஆப்பரேசன் நும்கோர்னு ஒண்ணு நடத்தி, பூட்டான் வழியா வரி கட்டாம வந்ததுன்னு சொல்லி வண்டிகளா புடிச்சாங்க ஞாபகம் இருக்கும். காசு குடுத்து வாங்குனவங்களும்தான் பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. உங்க வண்டி 1951, அந்த பயம் இல்ல.

சும்மா_பாக்க_வந்தவன்

வக்கீலய்யா, எஞ்சின் மாத்துனா அது அந்த வண்டியே இல்லைன்னு ஆயிருமா? அப்ப என்ற டிவிஎஸ் 50ல மிச்சம் இருக்கறது நம்பர் பிளேட்டும் கேரியரும்தானுங்க, அது யாரோட வண்டி?

ஈரோட்டு வக்கீல்

லொள்ளா கேட்டாலும் கேள்வி நல்ல கேள்வி, இதுக்கு லண்டன் கோர்ட்டுல தீர்ப்பே இருக்கு. பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒண்ணு, 'ஓல்ட் நம்பர் ஒன்'னு பேரு, 1929லயும் 1930லயும் லெ மான் ரேஸ் ஜெயிச்சது. அதுக்கப்பறம் ரேஸுக்காக எஞ்சின், சேசிஸ், பாடின்னு மாத்தி மாத்தி கட்டி, 1929ல ஓடுன இரும்பு அதுல அநேகமா மிச்சமே இல்ல. ஒரு கம்பெனி அத 10 மில்லியன் பவுண்டுக்கு வாங்கப் பேசி முடிச்சுட்டு, இது அந்த வண்டியே இல்லைன்னு பின்வாங்குச்சு, கேஸ் ஆச்சு. 1990ல தீர்ப்பு: இதுதான் ஓல்ட் நம்பர் ஒன். ஏன்னா நடுவுல எங்கயும் வண்டி காணாம போயி வேற ஒண்ணு வந்து உக்காரல, ஒவ்வொரு மாத்தமும் அதே வண்டிக்கு நடந்த மாத்தம்னு வரலாறு அறாம போகுது, அத காட்ட முடியுது. உங்க டிவிஎஸ் உங்களோடதுதான், கவலைப்படாம ஓட்டுங்க. ஆனா திருப்பூர் தம்பி, இத போயி அவங்க கிட்ட சொல்லி வச்சராதீங்க, ஓல்ட் நம்பர் ஒன்னுன்னு வெலைய ஏத்திருவாங்க.

பவர்டேபிள்

எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து பொழுதோட போயிட்டு வந்தேன், வரிசையா சொல்லிடறேன், கை பூரா இன்னும் மண்ணெண்ணெய் வாசம்.

சாக்க விரிச்சு அடில படுத்தேன், அவிங்க ஊட்டு ஆத்தா வந்து 'ஏன் கண்ணு மயக்கமா, மோர் கொண்டாரட்டுமா'ன்னு கேட்டாங்க. பட்டை ரெண்டு பக்கமும் நீளவாக்குல போகுது, ஹெரால்டு இல்லைங்கண்ணா! கதவு பின்னால கீல்தான், ஆனா எடப்பக்க கதவ தூக்குனதும் மாவு மாதிரி மரத்தூள் கொட்டுச்சு. காந்தம் எல்லா எடத்துலயும் புடிச்சுது, வலப்பக்க பின் மட்கார்டுல மட்டும் வழுக்கிட்டு விழுந்துச்சு, கேட்டா 80ல பனைமரத்துல மோதுனதாம்.

சேசிஸ் கொம்பு தேட அரை மணி நேரம் ஆச்சு, ஒரு விரக்கடைக்கு கிரீசும் மண்ணும் அப்பிருந்துச்சு. தொடச்சு பேப்பர் வச்சு தேச்சேன். மொதல்ல ஒண்ணும் தெரியல, அப்பறம் கருப்புக்கு நடுவுல வெள்ளையா டி, இன்னொரு டி, அப்பறம் அஞ்சு நம்பர் ஒவ்வொண்ணா எந்திரிச்சு வந்துச்சுங்க, மூணாவது நம்பர் கொஞ்சம் சாஞ்சு இருக்குது. கிரைண்டர் கோடு இல்ல. ஆர்சி புக்கோட ஒத்துப் பாத்தேன், அச்சு அசல் அதேதான்.

ஆனா ஆர்சி புக்குல வெள்ளக்காரர் யாரும் இல்லைங்க. மொத ஓனர் கோயம்புத்தூர்ல ஒரு மில்லு, ரெண்டாவது ஒரு டாக்டரு, மூணாவது இவிங்க அப்பாரு, அதும் 1967ல. கேட்டதுக்கு 'அட டாக்டரு நல்ல செவப்பா இருப்பாருங்க'ங்கறாங்க.

எஞ்சின் அம்பாசடர்தான். 1489. அண்ணா சொன்ன மாதிரி ஸ்பானர் வைக்கவே தேவப்படல, எங்கூட வந்த மெக்கானிக் பானெட்ட தெறந்ததுமே சிரிச்சுட்டான். முன்னால தடுப்புத் தகட்டுல ஒரு பிளேட்டு இருக்குது, அதுல கார் நம்பரும் எஞ்சின் நம்பரும் ரெண்டும் அடிச்சுருக்குது, எஞ்சின் நம்பர் எக்ஸ்பிஏஜின்னு ஆரம்பிக்குது. அப்ப அந்த எஞ்சின் எங்கன்னு கேட்டேன். யாருக்கும் தெரியல.

அப்பத்தான் அந்த ஆத்தா, மோர் சொம்ப வாங்கிட்டே சொன்னாங்க, 'அந்தப் பழைய இஞ்சினா, அது கட்டுத்தறில கெடக்குமே, உங்க அப்பாரு பருத்திக்கொட்ட ஆட்டற கல்லுக்கு பக்கத்துல போட்டு வச்சாரு'ன்னு. போயி பாத்தா தவிட்டு மூட்ட நாலுக்கு அடில எஞ்சினு. தலைப்பக்கம் தனியா கழண்டு கெடக்குது, ஒரு கார்பரேட்டர் காணோம், எருமை கவுத்த அதுலதான் கட்டிருக்கறாங்க இத்தன வருசமா. பக்கவாட்டுல வேஸ்ட்டால தொடச்சேன், எட்டு மூலைப் பித்தளைத் தகடு. நம்பர படிச்சு பிளேட்டுல இருக்கற நம்பரோட ஒத்துப் பாத்தேன். ஒண்ணேதான்ங்க.

அங்கதான் நான் தப்பு பண்ணிட்டேன். வாய மூடிட்டு எந்திரிச்சு வராம, 'கெடச்சுருச்சு கெடச்சுருச்சு'ன்னு கத்திட்டேன்.

பொள்ளாச்சி_டு_பெங்களூர்

ஐயோ ப்ரோ.

பவர்டேபிள்

வெடியால ஃபோன் வந்துச்சு. இப்ப 34 சொல்றாங்க. வண்டி 28, எஞ்சின் 6.

லேத்துக்காரன்_பீளமேடு

தம்பி, விடு. பிளாக்கு வெடிச்சுருக்குதான்னு பாக்காம ஒத்த ரூவா பேசாத. அம்பது வருசம் எருமை மூத்திரம் பட்ட வார்ப்பு அது. ஹெட்டு உக்கார்ற பரப்புல மண்ணெண்ணெய் தடவி ஊற உட்டு, நல்லா காயத் தொடச்சுட்டு சாக்பீஸ் பொடி தூவு, கீறல் இருந்தா கோடு தானா ஈரமாத் தெரியும். கீறல் இருந்தா வெல்டிங் வேலை தனி, அத காட்டியே வெலைய எறக்கலாம். அவிங்களுக்கு 34ங்கற நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னா நீ கத்துன சத்தத்துல இருந்து வந்துச்சு, ஒரு மாசம் போகாத, தானா 20க்கு கீழ வரும். என்ன கூப்புட்டா நானும் வர்றேன், அந்த மரைய கடைசியா ஒருக்கா கைல புடிச்சுப் பாக்கோணும்.

ஈரோட்டு வக்கீல்

அத்தைமாருக எத்தன பேருன்னு கேட்டீங்களா?

பவர்டேபிள்

நாலு பேருங்க. மூணு பேரு ஈரோடு, காங்கேயம், தாராபுரம். நாலாவது அத்தைக்கும் இவிங்களுக்கும் ஒரு நோம்பில சண்டையாகி 19 வருசமா பேச்சுவார்த்தை இல்லையாம். அவங்க ஊரு அவிநாசிங்க, எனக்கு பக்கம்தான். ஞாயித்துக்கெழம பழம் வாங்கிட்டு போயி பாக்கலாம்னு இருக்கறேன். ஊட்டுக்காரியவும் கூட்டிட்டு போறேன், அவளுக்கு ஒரு வகைல ஒறம்பரை ஆகோணும். எதுக்கு போறோம்னு இன்னும் சொல்லல.